அயர்லாந்து மெட்டும் எட்டயபுரத்துப் பிடிலும்

1795ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் சென்னையிலிருந்து கப்பலேறி வந்த கிழக்கிந்தியக் கம்பனிப் படை, திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியது. சல்லிக் கரையில் வலை இழுத்தவர்களுக்கும் அந்தப் பீரங்கிச் சத்தம் கேட்டிருக்கும். படைகள் போகும் இடமெல்லாம் பாண்ட் வாத்தியமும் போகும். பிரித்தானியப் படைகளில் பிழைப்புத் தேடிச் சேர்ந்த அயர்லாந்து ஏழைகள் ஏராளம். அவர்களது நாடும் அப்போது ஆங்கிலேயரின் பிடியில்தான் இருந்தது. கலியாண வீடுகளிலும் அடுப்படிகளிலும் பிடில் வாசித்து ஆடிய அந்த மக்களின் மெட்டுகள், அவர்களை ஆண்டவர்களின் இராணுவ வாத்தியத்திலேயே ஏறிக் கடல் கடந்தன.

இன்று சல்லி முத்துமாரியம்மன் கோயில் போன்ற நமது கோயில்களின் கச்சேரி மேடைகளில் வயலின் ஒரு அந்நிய வாத்தியமாக யாருக்கும் தோன்றுவதில்லை. அதற்கு முதற்காரணமானவர் பாலுசுவாமி தீட்சிதர். 1786இல் பிறந்தவர், இராமசுவாமி தீட்சிதரின் கடைசி மகன், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. குடும்பம் திருவாரூரிலிருந்து சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குப் போனது. அவர்களை ஆதரித்த மணலி முதலியார் கம்பனியின் துபாஷி. அவர் மூலம் சகோதரர்களுக்குக் கோட்டை பாண்ட் வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. சிறுவன் பாலுவுக்குப் பிடில் மீது ஆசை வந்தது. ஒரு ஐரோப்பியரை அமர்த்தி மூன்று ஆண்டுகள் படிப்பித்தார்கள்.

அயர்லாந்துக் கலைஞர் கதிரையில் இருந்து, பிடிலை நாடிக்குக் கீழே வைத்து, காலால் தாளம் தட்டியபடி ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். (கிற்றார் அவரோடு சேர்ந்தது மிகப் பிந்தி, 20ஆம் நூற்றாண்டில்தான்.) நம்மவர் தரையில் சம்மணமிட்டு, வாத்தியத்தின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டிக்கொள்கிறார். வாத்தியத்தைத் தாங்க வேண்டியதில்லை என்பதால் இடது கை தந்தியில் தடையின்றி வழுக்கும். வீணையில் உள்ள மெட்டுக் கட்டைகளும் இதில் இல்லை. கமகத்துக்கு வேறென்ன வேண்டும்?

அண்ணன் முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் எனப்படும் இவை ஏறக்குறைய நாற்பது. அவற்றுள் ‘வந்தே மீனாக்ஷி’ என்பது அயர்லாந்தின் கோர்க் பகுதியிலுள்ள மாலோ என்ற ஊரின் பெயரைத் தாங்கிய ஆட்ட மெட்டு. குடிகாரப் பிரபுக்களைப் பற்றிய மெட்டு மதுரை மீனாட்சிக்குப் போனதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் தீட்சிதர் அந்த மெட்டைக் குறைவாக எண்ணவில்லை.

பின்னர் சகோதரர்கள் பிரிந்தனர். சின்னசுவாமியும் பாலுசுவாமியும் மதுரையில் இருந்தபோது சின்னசுவாமி காலமானார். துயரம் தாங்காத பாலுசுவாமி இராமேசுவரம் போனார். திரும்பும் வழியில் எட்டயபுரம் அரசர் அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டார். திருவாரூரில் இருந்த அண்ணனுக்கு ஒரு தம்பியின் சாவுச் செய்தி மட்டும் வந்து சேர்ந்தது. மற்றவர் எங்கே என்று சொல்ல ஆளில்லை. அவர் மதுரைக்குப் போய் ஊர் ஊராக விசாரித்தார். காணாமல் போனவரைத் தேடுவது எப்படியென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருக்குப் பதில் கிடைத்தது: தம்பி எட்டயபுரத்தில் இருக்கிறார், அவருக்குக் கலியாணம்கூட ஏற்பாடாகியிருக்கிறது. அந்த வழியில் வரண்ட நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணி பாடி மழை பெய்வித்தார் என்ற கதையைவிட, அந்த நடைதான் என் மனதில் நிற்கிறது.

முத்துசுவாமி 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவரிடம் கற்ற தஞ்சை வடிவேலு, திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் சபையில் வயலினைப் பெரும் பேருக்குக் கொண்டுவந்தார். அரசர் அவருக்குத் தந்தத்தாலான வயலினையே பரிசளித்தார். பாலுசுவாமி 1859 வரை வாழ்ந்தார். மகளின் மகனான சுப்பராம தீட்சிதரைச் சுவீகாரம் எடுத்து, குடும்பத்தின் இசையை அவருக்குக் கற்பித்தார். அண்ணனின் கிருதிகளை சுரப்படுத்தி, ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரும் நூலாக 1904இல் எட்டயபுரத்தில் அச்சேற்றியவர் அந்தப் பேரன்தான்.