சந்திரபாபு: தூத்துக்குடியில் பிறந்த சிரிப்பு நாயகன் சரிந்தது எப்படி?

ஜே.பி.சந்திரபாபுவின் முழுப்பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு. தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தப் பெயரே போதும், ஊரைச் சொல்லிவிடும். முத்துக்குளித்துறையின் காவல் தெய்வமான பனிமய மாதாவின் பெயர் அது. 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் மதம் மாறிய பரதவர் சமூகத்தில், 1927-ல் பிறந்தார். அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகையும் நடத்தியவர். அதனால் ஆங்கிலேய அரசு குடும்பத்தையே இலங்கைக்கு அனுப்பிவிட்டது. சந்திரபாபு வளர்ந்தது கொழும்பில். அவருடைய மேற்கத்தியப் பாட்டு, நடனம் மீதான மோகமெல்லாம் அங்கே பிடித்துக்கொண்டதுதான்.

1940-களில் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1947-ல் ‘தன அமராவதி’யில் சின்ன வேடம். அதற்குப் பிறகு பெரிய வாய்ப்பு எதுவும் வரலை. 1952-ல் ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசனைப் பார்க்க முடியாத விரக்தியில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்தார். அதே ஆண்டு, அதே ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் நடித்தார்!

அப்புறம் ஏறுமுகம்தான். குரலைச் சட்டென்று உச்சத்துக்குத் தூக்கி இறக்கும் ‘யோடலிங்’ பாணியைத் தமிழ்ப் பாட்டில் பிரபலமாக்கினார். ‘சபாஷ் மீனா’வில் (1958) இரட்டை வேடம். ‘உள்ளத்தை அள்ளித்தா’ பார்த்துச் சிரித்தவர்களுக்கு அந்தக் கதை பழக்கமானதாகவே இருக்கும். ஏவி.எம்.மின் ‘சகோதரி’ எடுத்து முடித்த பிறகு மந்தமாகத் தெரிந்தது. இவருடைய பால்காரர் நகைச்சுவைப் பகுதியைச் சேர்த்துத்தான் படத்தைத் தூக்கி நிறுத்தினார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. மணமான புதிதில் மனைவி தான் வேறொருவரை நேசிப்பதாகச் சொல்ல, அவர் விருப்பப்படியே அனுப்பிவைத்தார். ‘அந்த 7 நாட்கள்’ படத்தோடு இதை ஒப்பிடுபவர்கள் இன்றும் உண்டு.

பணம் வந்தபோது கிரீன்வேஸ் சாலையில், கார் மாடி வரைக்கும் ஏறிப்போகிற மாதிரி ஒரு வீடு கட்டத் தொடங்கினார். ஆனா, காமெடியனாகவே நின்றுவிட அவருக்கு மனசில்லை. கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தில் நாயகன் ஆனார். படம் ஓடவில்லை, தலைப்புக்கு நேர்மாறாக, தயாரிப்பாளருக்கும் நடிகருக்கும் கவலைதான் மிச்சம். அடுத்து எம்.ஜி.ஆரை வைத்து ‘மாடி வீட்டு ஏழை’யை இயக்கக் கிளம்பினார். கால்ஷீட் சிக்கலில் சில நாள் படப்பிடிப்போடு அது நின்றுபோனது. கடன் கழுத்தை நெரித்தது, வீடும் கைவிட்டுப் போனது.

அப்படியும் இயக்குநர் ஆசை விடலை. பைபிள் வாசகத்தையே தலைப்பாக்கி ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) எடுத்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. குடி அதிகமாயிற்று, உடம்பு கெட்டது. பிறகு எம்.ஜி.ஆரின் ‘அடிமைப் பெண்’ (1969) உள்ளிட்ட படங்களில் கிடைத்தது பழைய நகைச்சுவை வேடங்களே. 1974 மார்ச் 8-ம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 46. ‘மாடி வீட்டு ஏழை’ கடைசி வரை முடியவே இல்லை.