பெயரின்றிப் புதைக்கப்பட்ட கவிஞர்

1953 ஜூலைத் தொடக்கத்தில், நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதித் தெருவொன்றில் மயங்கி விழுந்த ஒரு பெண் மருத்துவமனையில் உயிர்நீத்தார். அவர் யாரென்று காட்டும் எதுவும் அவரிடம் இல்லை. உடலைக் கேட்டு எவரும் வராததால், ஆதரவற்றோருக்கான இடுகாட்டில் நகர நிர்வாகம் அவரைப் புதைத்தது. நண்பர்களும் உறவினரும் தேடிக் கண்டறிந்த பிறகே, இறந்தவர் புவேர்ட்டோ ரிக்கோவின் முதன்மைக் கவிஞர்களுள் ஒருவரான ஹூலியா தே புர்கோஸ் என்பது தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 39.

இந்த மரணத்தை வறுமையின் அவலமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. ஸ்பெயினின் ஆளுகையில் இருந்த புவேர்ட்டோ ரிக்கோவை 1898-இல் அமெரிக்கா கைப்பற்றியது. 1917-இல் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. அப்போது ஹூலியா மூன்று வயதுக் குழந்தை. எனவே, நியூயார்க்கில் அவர் சட்டப்படி அந்நியர் அல்லர். ஆனால், குடியுரிமை வேறு, ஒரு மண்ணுக்கு உரியவராக உணர்வது வேறு. அந்த இடைவெளியிலேயே அவருடைய வாழ்வு கழிந்தது.

1914 பிப்ரவரி 17 அன்று, கரோலினா நகரைச் சார்ந்த சாந்தா குரூஸ் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். உடன்பிறந்தோரில் பலர் இளம் வயதிலேயே மடிந்தனர். அவருக்கு வாய்த்த நிலையான சொத்து, ஊரையொட்டி ஓடிய லோயிசா ஆறு ஒன்றுதான். பிற்காலத்தில் அவருக்குப் பெரும் புகழ் தேடித்தந்த கவிதை அந்த ஆற்றைப் பற்றியது. இழப்பின் துயரையும் அடிமைப்பட்ட மக்களின் கண்ணீரையும் அந்த நீரோட்டத்தில் அவர் கலந்தார்.

ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிறிதுகாலம் கிராமப் பள்ளியில் கற்பித்தார். தீவின் விடுதலைக்காக நின்ற தேசியவாதிகளுடன் இணைந்தார். 1937-இல் மணமுறிவு ஏற்பட்டது. ஸ்பானிய வழக்கில், மணமான பெண் தன் பெயரையடுத்துத் ‘தே’ என்ற சொல்லைச் சேர்த்துக் கணவரின் குடும்பப் பெயரைச் சூடுவதுண்டு. ஹூலியாவோ அந்தச் சொல்லைத் தான் பிறந்த புர்கோஸ் குடும்பப் பெயரின் முன் வைத்துக்கொண்டார். தாம் எவருக்கும் உடைமையல்லர், தமக்கே உரியவர் என்னும் அறிவிப்பாகவே அதை நான் வாசிக்கிறேன். 1938-இல் வெளியான முதல் தொகுப்பைத் தீவெங்கும் சுற்றித் தாமே விற்றார்.

1940-இல் தீவை விட்டு நீங்கியவர் உயிருடன் அங்கு திரும்பவேயில்லை. நியூயார்க், கியூபா, மீண்டும் நியூயார்க் என்று அலைந்தார். கிடைத்த வேலைகளைச் செய்தார். ஸ்பானிய வார இதழொன்றில் எழுதினார். மதுவும் நோயும் அவரை உருக்குலைத்தன. இறுதி ஆண்டில், மருத்துவமனையில் இருந்தபடி இரண்டு கவிதைகளை ஆங்கிலத்தில் எழுதினார். ஸ்பானிய மொழியையே வீடாகக் கொண்டிருந்தவர், தம் தனிமையைத் தம்மைச் சூழ்ந்தோரின் மொழியிலேயே அவர்களிடம் சொல்ல முயன்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இறந்த பிறகு எல்லாரும் அவரைச் சொந்தம் கொண்டாடினர். உடல் தோண்டியெடுக்கப்பட்டுக் கரோலினாவில் அடக்கம் செய்யப்பட்டது. கிழக்கு ஹார்லெமில் அவர் பெயரால் பண்பாட்டு மையம் எழுந்தது. 2010-இல் அமெரிக்கா அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வழிவந்த எழுத்தாளர்கள் பலர் அவரைத் தம் முன்னோடியாகப் போற்றுகின்றனர்.

இந்த மரியாதைகள் அவருக்குத் தகுந்தவையே. ஆனால், அந்தத் துயர மரணத்தையே திரும்பத் திரும்பப் பேசி அவருடைய கவிதைகளை வாசிக்காமல் விட்டால், நாமும் அவரை இன்னொரு முறை பெயரற்றவராக ஆக்குகிறோம். அவர் தம் பெயரைத் தாமே தேர்ந்துகொண்டவர். தம் ஆற்றைச் சொற்களில் ஏந்திக் கடல்கடந்து சென்றவர். புலம்பெயர்ந்தோருக்குக் குடியுரிமைத் தாள் அவசியம்தான். எனினும், தெருவில் விழுந்தால் பெயர் சொல்லி அழைக்க அயலார் ஒருவரேனும் இருக்கும்போதுதான் ஓர் ஊர் வீடாகிறது. ஹூலியாவுக்கு நியூயார்க் அத்தகைய ஊராக இருக்கவில்லை.