மதுராக் கால் நோயும் மருத்துவர் கார்ட்டரும்

மதுரையின் பெயர் உலக மருத்துவ நூல்களில் ஒரு நோயின் பெயராக நிலைபெற்றிருப்பதை நம்மில் பலர் அறியோம். மதுராக் கால் என்பது அந்நோய். 1842-ஆம் ஆண்டில் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்னும் மருத்துவர் இதனை முதன்முதலில் விவரித்தார். நமது கொடைரோடு 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்த ஊராதலின், இந்நோயின் மூலத்தைத் தேடிய ஹென்றி வான்டைக் கார்ட்டரின் வாழ்க்கையை இவ்வெள்ளி விழா மலரில் எழுதப் புகுந்தோம்.

கார்ட்டர் 1831-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஹல் நகரில் ஓர் ஓவியரின் மகனாகப் பிறந்தார். லண்டன் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். அங்கிருந்த ஹென்றி கிரே உடற்கூற்று நூலொன்றை எழுத, அதற்குரிய 363 படங்களைக் கார்ட்டர் வரைந்தளித்தார். 1858-இல் வெளிவந்த அந்நூல் இன்றளவும் கிரேயின் பெயராலேயே வழங்குகின்றது. நூலின் சொற்கள் கிரேயுடையவை, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் தலைப்புப் பக்கத்தின் அச்சுப்படி வந்தபோது, கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தில் அமைக்கவும், அவர் புதிதாகப் பெற்றிருந்த பேராசிரியர் பதவியை நீக்கவும் கிரே திருத்தம் செய்தார். விற்பனையில் கிரேக்குத் தொடர்ந்து பங்குண்டு. கார்ட்டருக்கோ ஒரே முறை 150 பவுன். பாடுபட்டவன் பெயர் சிறிதாக்கப்படுவது எத்தகையதென்பதை நம் மக்களுக்கு யாம் விளக்க வேண்டுவதில்லை.

அவ்வாண்டே கார்ட்டர் பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கலானார். அங்கே நோயினால் வெட்டி நீக்கப்பட்ட பாதங்களை அறுத்து, நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார்.

இந்நோயை யானைக்காலோடு குழப்பிக்கொள்வோர் உளர். யானைக்கால் கொசுக்கடியால் பரவும் ஒருவகைப் புழுவினால் வருவது. மதுராக் காலோ மண்ணிலிருந்து வருவது. மண்ணில் வாழும் பூஞ்சை முள் குத்திய புண்வழியே தோலுக்குள் நுழைகின்றது. முதலில் வலியில்லாத ஒரு சிறு கட்டி. ஆதலால் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதம் வீங்கிப் பல துளைகள் உண்டாகி, அவற்றின் வழியே சீழும் வெடிமருந்துத் தூள் போன்ற கரிய மணிகளும் வெளிவரும். பின் எலும்பும் அரிக்கப்படும். அம்மணிகள் பூஞ்சையின் திரட்சியே என்று கண்ட கார்ட்டர், 1860-இல் நோய்க்கு மைசிட்டோமா என்று பெயரிட்டார். 1874-இல் தம் கையால் வரைந்த படங்களுடன் தனி நூலே வெளியிட்டார்.

வெறுங்காலோடு வயலிலும் காட்டிலும் உழைப்பவரையே இந்நோய் மிகுதியும் பற்றுகின்றது. வெறுங்காலுக்கு வறுமை மட்டுமே காரணம் என்று எழுதிச் செல்வோர் உளர். செருப்பு வாங்கக் காசிருந்தும் ஊர்த்தெருவில் அதனைக் கழற்றிக் கையிலேந்திச் செல்லுமாறு நம் முன்னோர் பணிக்கப்பட்டனர்; அதனையும் சேர்த்தே எழுதுதல் முறை. எம் பாட்டனார் கருவேல முள் குத்தாத நாளே அரிது என்பார்.

கார்ட்டர் பிழையே செய்யாதவர் அல்லர். நோயாளியின் பாதத்திலிருந்து வளர்ந்ததென அவர் கருதிய செந்நிறப் பூஞ்சைக்குப் பெர்க்லி என்னும் அறிஞர் கார்ட்டரின் பெயரையே சூட்டினார். அது நோய்க்குக் காரணமன்று, தற்செயலாகக் கலந்ததே என்பது பின்னர்த் தெரிந்தது. அத்தோடு அப்பெயரும் மறைந்தது. கரிய மணிகளுக்குரிய உண்மைப் பூஞ்சை இன்று மதுரெல்லா எனப்படுகின்றது. அங்கும் நம் மதுரையே நின்றது. பூஞ்சையன்றி ஒருவகைப் பாக்டீரியங்களும் இதே நோயை உண்டாக்கும் என்பதை 1894-இல் வின்சென்ட் நிறுவினார்.

தொழுநோய், மறுகாய்ச்சல் ஆகியவற்றையும் கார்ட்டர் ஆராய்ந்தார். தொழுநோய் குறித்து அறிய நார்வே நாட்டிற்கும் சென்றுவந்தார். 1888-இல் ஓய்வு பெற்று, 1897-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் ஸ்கார்பரோவில் மறைந்தார்.

உலக சுகாதார நிறுவனம் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-இல்தான். பாக்டீரியத்தால் வந்ததாயின் மருந்துகளால் பெரும்பாலும் குணமாகும். பூஞ்சையாயின் பல மாதங்கள் மருந்துண்ண வேண்டும், அறுவையும் தேவைப்படலாம். ஆகவே பாதத்தில் வலியற்ற கட்டியோடு வருபவரிடம், அதிலிருந்து மணிகள் வெளிவருகின்றனவா, அவற்றின் நிறம் யாது என்பதை மருத்துவர் முதலில் பார்க்கின்றார்.