ரூ.80 சம்பளம், 13 வருஷ விளம்பர வேலை: ராஜினாமா செய்யாமலே 'பதேர் பாஞ்சாலி' எடுத்த சத்யஜித் ரே!

சத்யஜித் ரே என்றதும் நமக்கு ஆஸ்கர், பாரத ரத்னா, கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அந்த நெடிய உருவம் எல்லாம் நினைவுக்கு வரும். ஆனா 1943-ல் இருந்து 1956 வரைக்கும் கல்கத்தாவில் அவர் ஒரு மாதச் சம்பளக்காரர். விளம்பர ஏஜென்சி ஒன்றில் வேலை. உலகம் கொண்டாடிய 'பதேர் பாஞ்சாலி'யின் பெரும்பகுதி, அந்த வேலையில் கிடைத்த லீவு நாட்களில் எடுக்கப்பட்டதுதான்.

வேலையை விட்டுட்டு கனவைத் துரத்து என்று இப்போ ரீல்ஸில் நிறைய பேர் சொல்றாங்க. ரே செய்தது வேறு. ஏன்?

வீட்டு நிலைமை என்ன?

1921 மே 2-ல் பிறந்தவர் ரே. தாத்தா உபேந்திரகிஷோர், அப்பா சுகுமார் ரெண்டு பேருமே வங்காளத்தில் குழந்தைகள் எழுத்துக்குப் பேர் போனவர்கள். சொந்தமாக அச்சகம், 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகை என வசதியான குடும்பம். ஆனால் ரேவுக்கு மூணு வயசு ஆகும் முன்பே அப்பா இறந்துவிட்டார். சில வருஷங்களில் அச்சகமும் கைவிட்டுப் போனது. உறவினர் வீட்டில் இருந்தபடி, கைத்தொழில் சொல்லிக்கொடுத்து மகனை வளர்த்தவர் அம்மா சுப்ரபா.

பிரெசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். பிறகு அம்மாவின் விருப்பத்துக்காக சாந்திநிகேதனில் ஓவியம். அங்கே நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி போன்ற பெரிய ஆசிரியர்கள். ஆனாலும் படிப்பை முடிக்கவில்லை, 1942 கடைசியில் திரும்பிவிட்டார். கண்காட்சியில் மாட்டும் ஓவியனாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை. சம்பாதிக்கவும் வேண்டியிருந்தது.

1943-ல் டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர ஏஜென்சியின் கல்கத்தா கிளையில் 'ஜூனியர் விஷுவலைசர்' வேலை கிடைத்தது. ஒரு விளம்பரம் எப்படி இருக்கணும் என்று முதலில் வரைந்து காட்டுபவர்தான் விஷுவலைசர். மாதம் 80 ரூபாய். அதே வருஷம்தான் வங்கப் பஞ்சம். கல்கத்தா தெருக்களில் மக்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பஞ்சத்தைப் பற்றி ரே 'அஷானி சங்கேத்' எடுத்தது 30 வருஷம் கழித்து, 1973-ல்!

ஆபீஸில் ரே எப்படி?

டீ விளம்பரம், மலேரியா மாத்திரை விளம்பரம் எனப் பலதும் செய்தார். வேலையில் கெட்டிக்காரர், ஆர்ட் டைரக்டர் வரை உயர்ந்தார். ஆனா மனசு ஒட்டவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சம்பளம், இந்தியர்களுக்கு அதைவிடக் குறைவு. அந்தக் கசப்பு ஆபீஸுக்குள் எப்போதும் இருந்தது. நல்லா வந்திருக்கும் டிசைனை மாற்றச் சொல்லும் கிளையன்ட்டுகள் வேறு. (இந்த ஒரு விஷயம் இன்னைக்கும் மாறலை என்று விளம்பரத் துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள்.)

மதியம் காபி ஹவுஸில் நண்பர்களோடு அரட்டை. பேச்செல்லாம் சினிமாதான். 1947-ல் சிதானந்த தாஸ்குப்தா உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். அவருக்கு ஒரு விநோத பழக்கமும் இருந்தது. ஏதாவது நாவல் படமாகப் போகிறது என்று அறிவிப்பு வந்தால் போதும், அதற்குத் தானே ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொள்வார். படம் வந்ததும் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

சொந்த வாழ்க்கையிலும் ஒரு ரகசியம் இருந்தது. உறவுக்காரரான பிஜோயா, ரேவை விட சில வயது மூத்தவர். இருவரும் பல வருஷம் காதலித்தார்கள். 1948-ல் யாருக்கும் தெரியாமல் பம்பாயில் பதிவுத் திருமணம் நடந்தது. அம்மா சம்மதித்த பிறகு 1949-ல் கல்கத்தாவில் மறுபடியும் ஒரு கல்யாணம்.

கதை கிடைத்தது ஆபீஸ் வழியாகத்தான்

கீமரில் ரேவோடு இருந்தவர் டி.கே. குப்தா. இவர் தனியாக 'சிக்னெட் பிரஸ்' என்ற பதிப்பகம் ஆரம்பித்து, அட்டை வடிவமைப்பை ரேவிடம் கொடுத்தார். கிளையன்ட் தொல்லை இல்லை, முழு சுதந்திரம். நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வுக்கும் ரேதான் அட்டை போட்டார்.

அப்படி வந்த வேலைகளில் ஒன்று, விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்பு. அதற்குப் படம் வரையும்போதுதான் இந்தக் கதையை சினிமாவாக எடுக்கலாம் என்ற எண்ணம் வந்தது.

1950-ல் கம்பெனி அவரை சில மாத வேலைக்காக லண்டன் அனுப்பியது. மனைவியோடு கப்பலில் போனார். அங்கே இருந்த காலத்தில் பார்த்த படங்கள் கிட்டத்தட்ட 100. அதில் ஒன்று இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. ஸ்டார் இல்லாமல், செட் இல்லாமல், தெருவிலேயே ஒரு படம் எடுக்க முடியும் என்று அந்தப் படம் காட்டிவிட்டது. ஊர் திரும்பும் கப்பலிலேயே 'பதேர் பாஞ்சாலி'க்கான குறிப்புகளை ஆரம்பித்துவிட்டார்.

முறையான திரைக்கதை எழுதவே இல்லை. ஒவ்வொரு ஷாட்டையும் மையில் வரைந்து ஒரு நோட்டு முழுக்க வைத்திருந்தார். கிளையன்ட்டுக்கு விளம்பரத்தை வரைந்து காட்டும் அதே ஏஜென்சி வழக்கம்தான் இது. அந்த நோட்டோடு தயாரிப்பாளர்களைத் தேடி அலைந்தார். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, இயக்குநர் புதுசு. யார் பணம் போடுவார்கள்?

மாடுகள் மேய்ந்த லொகேஷன்

1952 அக்டோபர் 27-ல் ஷூட்டிங் தொடங்கியது. அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்ட ஒரு சின்ன குழு. கேமராமேன் சுப்ரதா மித்ரா இளைஞர், அதுக்கு முன்னாடி மூவி கேமராவையே இயக்கியதில்லை. முதல் நாள், வெள்ளையாகப் பூத்துக் கிடந்த நாணல் காட்டில் அபுவும் துர்காவும் வரும் காட்சி. மீதியை எடுக்க ஒரு வாரம் கழித்துப் போனால், பூவே இல்லை. மாடுகள் மொத்தத்தையும் மேய்ந்துவிட்டன! அந்தக் காட்சியை முடிக்க அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அபு வேஷத்துக்குப் பையன் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். நிறைய பேர் வந்தும் யாரும் சரியாக அமையவில்லை. கடைசியில், வீட்டுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த சுபீர் பானர்ஜியைப் பார்த்துச் சொன்னவர் பிஜோயா. விளம்பரக்காரர் கொடுத்த விளம்பரம் வேலைக்கு ஆகலை, மனைவியின் கண் வேலை செய்தது.

வார நாட்களில் ஆபீஸ், ஞாயிறும் லீவு நாளும் ஷூட்டிங். இன்ஷூரன்ஸ் பாலிசியை வைத்துக் கடன் வாங்கினார். ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. அதுவும் தீர்ந்ததும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஷூட்டிங் நின்றது. நடுவில் 1953-ல் மகன் சந்தீப் பிறந்தார். அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பு எரிந்தது கீமர் சம்பளத்தில்தான். ராஜினாமா செய்திருந்தால் படமும் போயிருக்கும், குடும்பமும் தெருவுக்கு வந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

இதில் இன்னொரு பயமும் உண்டு. ஷூட்டிங் நின்ற காலத்தில் அபுவின் குரல் உடையலாம், துர்கா பெரிய பெண்ணாகிவிடலாம், பாட்டியாக நடித்த 80 வயசு சுனிபாலா தேவிக்கு ஏதாவது ஆகலாம். அதிர்ஷ்டம், எதுவும் நடக்கவில்லை. ஆனால் படம் ரிலீஸ் ஆகும் முன் சுனிபாலா காலமானார்.

'சாலை மேம்பாட்டு' நிதியில் ஒரு சினிமா!

கடைசியில் கைகொடுத்தது மேற்கு வங்க அரசு. முதல்வர் பி.சி. ராய் காலத்தில் பணம் ஒதுக்கினார்கள். எந்தக் கணக்கில் தெரியுமா? சாலை மேம்பாடு! படத்தின் பெயருக்குப் பாதையின் பாட்டு என்று அர்த்தம் என்பதால்தான் இந்தக் கூத்து.

இதற்கிடையே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் மன்ரோ வீலர், கல்கத்தா வந்தபோது சில ஸ்டில்களைப் பார்த்து அசந்துபோனார். தங்கள் இந்தியக் கண்காட்சியில் படத்தைத் திரையிட விரும்பினார். தேதி நெருங்க, ரேவும் எடிட்டர் துலால் தத்தாவும் ராப்பகலாக உட்கார்ந்து முடித்தார்கள். 1955 மே 3-ல் சப்டைட்டில்கூட இல்லாமல் அங்கே முதல் திரையிடல்.

இந்தியாவில் முதலில் பார்த்தவர்கள் யார்? கல்கத்தா விளம்பர கிளப்பின் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள். சொந்தத் தொழில்காரர்கள். அவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை! ரே ரொம்பவே மனம் உடைந்துபோனார்.

ஆனாலும் விளம்பரக்காரர் சும்மா இருப்பாரா? போஸ்டர்களைத் தானே வடிவமைத்தார். அபுவும் துர்காவும் ஓடுவது போல ஒரு நியான் போர்டை, கூட்டம் அதிகமுள்ள இடமாகப் பார்த்து வைத்தார். 1955 ஆகஸ்ட் 26-ல் படம் வெளியானது. முதல் சில நாள் தியேட்டர் காலி. ஒன்றிரண்டு வாரத்தில், பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே ஹவுஸ்ஃபுல். அடுத்த வருஷம் கான் விழாவில் விருது.

எப்போ வேலையை விட்டார்?

படம் ஜெயித்த பிறகுதான். 1956-ல் 'அபராஜிதோ' வேலைகளோடு முழுநேர சினிமாவுக்கு வந்தார். அந்தப் படம் 1957-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்றது.

பழைய தொழில் மட்டும் அவரை விடவில்லை. 1992 ஏப்ரலில் இறக்கும் வரை படங்களின் போஸ்டர், டைட்டில், காஸ்ட்யூம் ஸ்கெட்ச் எல்லாம் தானே வரைந்தார். 1971-ல் வந்த 'சீமாபத்தா', பதவி உயர்வுக்காக எந்த எல்லைக்கும் போகும் ஒரு ஃபேன் கம்பெனி அதிகாரியின் கதை. அதில் கம்பெனியின் விளம்பரப் படம் ஒன்றும் வரும். அதே வருஷம், அவர் உருவாக்கிய ஆங்கில எழுத்துருக்கள் ஒரு சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்றன. அதில் ஒன்றின் பெயர் 'ரே ரோமன்'.