எழுத்துகளை எண்ணிய ஆல்பிரட் பட்ஸ்

மழை பெய்து விளையாட்டு மைதானம் குளமாகி விட்டால், எங்கள் வகுப்பில் ஓர் அட்டைப் பெட்டி திறக்கப்படும். அதனுள் ஒரு பலகை, நூறு எழுத்துக் கட்டைகள், அவற்றை நிறுத்தி வைக்க நான்கு சிறு தாங்கிகள். இதுவே ஸ்கிராபிள். ஆங்கிலச் சொற்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து மதிப்பெண் சேர்க்கும் ஆட்டம். தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே யாராவது ஒருத்தி, தனக்கு நல்ல எழுத்தே வரவில்லை என்று முகம் சுளிப்பாள். பெரும்பாலும் அந்த ஒருத்தி நாமாகத்தான் இருப்போம்!

நல்ல எழுத்து வராதவர் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை தேடியபோது, அந்த ஆட்டத்தை உருவாக்கியவரின் வாழ்க்கையே நமக்கு விடை கூறியது. அதனைத் தோழியரோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம்.

ஆல்பிரட் மாஷர் பட்ஸ் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள பொகீப்சி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், தாய் பள்ளி ஆசிரியை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று 1924இல் பட்டம் பெற்றார். ஓவியம் தீட்டுவதிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. பின்னாளில் அவருடைய படங்கள் சில நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இடம் பெற்றன. முன்பு ஆசிரியையாக இருந்த நீனா என்ற அம்மையாரை மணந்து, நியூயார்க் நகரின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் வாழ்ந்தார். கட்டடக் கலை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து வந்தார்.

அப்போதுதான் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. புதுக் கட்டடம் எழுப்ப எவரிடமும் பணமில்லை. கட்டடம் எழும்பாவிட்டால் கட்டடக் கலைஞருக்கு வேலை ஏது? 1931இல் பட்ஸ் வேலை இழந்தார். அவர் திறமையில் குறை ஒன்றும் இல்லை. காலம் அவருக்குக் கொடுத்த கட்டைகள் அப்படி!

வீட்டில் சும்மா இருந்து வருந்திக் கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை. மக்கள் விரும்பி விளையாடும் ஆட்டங்களை ஆராயத் தொடங்கினார். அவற்றை மூவகையாகப் பிரித்தார். பகடை போன்ற எண் ஆட்டங்கள். சதுரங்கம் போன்ற காய் நகர்த்தும் ஆட்டங்கள். எழுத்துகளை மாற்றி அடுக்கும் சொல் ஆட்டங்கள். பகடையில் எல்லாமே அதிர்ஷ்டம். சதுரங்கத்தில் எல்லாமே திறமை. இவ்விரண்டும் கலந்த ஒரு சொல் ஆட்டம் இருந்தால், வல்லவரும் எளியவரும் ஒரே மேசையில் அமர்ந்து மகிழலாம் அல்லவா? இதுவே அவர் எண்ணம்.

எந்த எழுத்தில் எத்தனை கட்டைகள் வேண்டும்? பட்ஸ் ஊகிக்கவில்லை. செய்தித்தாள்களை விரித்து வைத்துக்கொண்டு, அவற்றில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று பொறுமையாக எண்ணினார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் கட்டைகள் அதிகம், மதிப்பு குறைவு. அரிதாக வரும் எழுத்துக்குக் கட்டைகள் குறைவு, மதிப்பு அதிகம். அதனால்தான் இன்றும் நம் பெட்டியில் 'ஈ' பன்னிரண்டு உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். 'க்யூ'வும் 'இசட்'டும் ஒவ்வொன்றே உண்டு. ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். 'எஸ்' எழுத்தை மட்டும் நான்கோடு நிறுத்தி விட்டார். எல்லாச் சொல்லின் வாலிலும் அதை ஒட்டிப் பன்மையாக்கி எளிதில் தப்பித்து விடக் கூடாது என்பது அவர் எண்ணம். என்னே அவருடைய முன்யோசனை!

முதலில் இவ்வாட்டத்திற்குப் பலகை கிடையாது. லெக்ஸிகோ என்பது அதன் பெயர். 1938இல், குறுக்கெழுத்துப் புதிரைப் போலச் சொற்களைக் கோத்தால் என்ன என்று தோன்றவே, பக்கத்திற்கு 15 கட்டங்கள் உள்ள பலகையைச் சேர்த்தார். பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனங்களுக்கு அனுப்பினார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். காப்புரிமை கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை. இதற்கிடையே அவருக்குக் கட்டடக் கலை வேலை மீண்டும் கிடைத்தது. ஆயினும் ஆட்டத்தை மூலையில் போட்டு விடவில்லை. தம் கையாலேயே பலகை வரைந்து, கட்டைகள் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தார். ஜாக்சன் ஹைட்ஸ் மெதடிஸ்ட் ஆலயக் கூடத்தில் அக்கம் பக்கத்தாருடன் விளையாடி, விதிகளைத் திருத்திக் கொண்டே இருந்தார்.

இனி, நாம் ஆடும்போது இவருடைய அந்தப் பழைய கணக்கு எப்படிப் பயன்படுகிறது என்று பார்ப்போம். நம்மில் பலர் கையிலுள்ள ஏழு எழுத்துகளைக் கொண்டு, அப்போதைக்கு மிகுதியான மதிப்பெண் தரும் சொல்லைப் போட்டு விடுகிறோம். தேர்ந்த ஆட்டக்காரர் அப்படிச் செய்வதில்லை. பலகையில் எதை வைக்கிறோம் என்பதோடு, தாங்கியில் எதை மிச்சம் வைக்கிறோம் என்பதையும் பார்க்கிறார். ஒரு சொல் 22 மதிப்பெண் தருகிறது. ஆனால் 'வி, வி, யூ' என்று உதவாத எழுத்துகள் மிஞ்சுகின்றன. இன்னொரு சொல் 17 தான் தருகிறது. ஆனால் 'ஈ, ஆர், எஸ்' மிஞ்சுகின்றன. பல வேளைகளில் இரண்டாவதே சிறந்தது. ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் வைப்பவருக்கு 50 மதிப்பெண் கூடுதல் உண்டு. அதற்கு வழி வகுப்பவை இத்தகைய எழுத்துகளே. ஓரிரு மதிப்பெண்ணுக்காக 'எஸ்' எழுத்தைச் செலவழிப்பது, ஆகையால், நஷ்டமான வியாபாரம். எழுத்தே இல்லாத வெற்றுக் கட்டைக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் எந்த எழுத்தாகவும் அது நிற்கும் என்பதால் அதைவிட மதிப்புள்ளது வேறொன்றும் இல்லை.

எதிராளிக்கு எதைத் திறந்து விடுகிறோம் என்பதும் முக்கியம். பலகையின் ஓரங்களில் சொல்லின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டங்கள் எட்டு உள்ளன. அவற்றின் அருகே கவனமின்றி ஒரு சொல்லை வைத்தால், அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்திற்குச் சென்று விடுவார். மேலும், மொத்தக் கட்டைகள் நூறு என்பதும் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை என்பதும் எல்லாருக்கும் தெரியும். பலகையில் உள்ளவற்றையும் நம்மிடம் உள்ளவற்றையும் கழித்துக்கொண்டே வந்தால், இருவர் ஆடும் ஆட்டத்தில் பை காலியானதும் எதிராளியின் தாங்கியில் இருப்பது என்ன என்று பாராமலே சொல்லி விடலாம். செய்தித்தாளை வைத்து பட்ஸ் எண்ணினார். பலகையை வைத்து நாம் எண்ணுகிறோம். எண்ணுகிறவருக்கு அதிர்ஷ்டத்தின் பங்கு சற்றுக் குறைந்து விடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவும் யோசித்த பட்ஸ் தம் ஆட்டத்தில் பெரிய வீரர் அல்லர்! எழுத்துப் பிழை விடுவாராம். அவர் மனைவி நீனா அம்மையாரே அவரைவிடச் சிறந்த ஆட்டக்காரர். ஒருமுறை 'குவிக்ஸாட்டிக்' என்னும் அரிய சொல்லை அமைத்துக் கணவரைத் திகைக்க வைத்தார். தம்மைத் தோற்கடிக்கக் கூடிய ஆட்டத்தைத் தாமே செய்து, தோற்றும் மகிழ்ந்தவர் அவர்.

1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் இவ்வாட்டத்தைத் தயாரிக்க முன்வந்து, அதற்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டார். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்குச் சிறு பங்கு என்பது ஒப்பந்தம். 1949இல் 2,400 பெட்டிகள் செய்தார்கள். கண்ட பலன் 450 டாலர் நஷ்டம்! 1952இல், மேசிஸ் என்னும் பெரிய கடையின் தலைவர் விடுமுறையில் இவ்வாட்டத்தை ஆடி மகிழ்ந்து, தம் கடைக்கு வரவழைத்தார். அதன்பின் பெட்டிகள் செய்து மாளவில்லை. 1954இல் மட்டும் ஏறக்குறைய 40 லட்சம் பெட்டிகள் விற்பனையாயின. ஆம், இறுதியில் அதிர்ஷ்டமும் வந்தது. ஆனால் அது வந்த நாளில், ஆட்டம் குறையின்றித் தயாராக இருந்தது.

வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரிக்கும், ஒரு பங்கு தானத்திற்கும், மீதி ஒரு பங்கு தம் நல்வாழ்வுக்கும் போயிற்று என்று பட்ஸ் கணக்குச் சொல்வாராம். 1985இல், 86 வயதில், மற்றுமோர் ஆட்டத்தையும் வெளியிட்டார். அது அவ்வளவாகப் பெயர் பெறவில்லை. 1991இல் ஸ்கிராபிளின் முதல் உலகப் போட்டி லண்டனில் நடந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், தம் 93ஆம் வயதில் அவர் மறைந்தார். ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு தெருப் பலகையில், தெருப் பெயரின் எழுத்துகளுக்கு அருகே அவற்றின் ஸ்கிராபிள் மதிப்பெண்ணையும் பொறித்து அவரை நினைவுகூர்ந்தனர்.

சென்ற மழை நாளில் நமக்கு 'ஐ' மூன்றும் 'யூ' இரண்டும் வந்து சேர்ந்தன. முன்பென்றால் முகம் சுளித்திருப்போம். இம்முறை ஒரு வாய்ப்பை இழந்தாலும் பரவாயில்லை என்று கட்டைகளை மாற்றிக் கொண்டோம். வந்த எழுத்துகளை எண்ணினோம். 'எஸ்' ஒன்றைக் காத்து வைத்தோம். இறுதியில் 11 மதிப்பெண்ணில் தோற்றோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம்! ஆயினும், எழுத்து வரவில்லை என்ற புலம்பல் அன்று எங்கள் மேசையில் எழவில்லை.

பத்தாம் வகுப்பினராகிய நமக்கு இவ்வாண்டு பொதுத் தேர்வு. எந்த வினா வரும் என்பது நம் கையில் இல்லை. வருவதைக் கொண்டு நிதானமாக யோசிப்பது நம் கையில் இருக்கிறது. வேலையிழந்து வீட்டிலிருந்தபோதும் செய்தித்தாளை விரித்து எழுத்துகளை எண்ணிய அந்த மனிதரை, தேர்வு அறையில் அமரும்போது ஒரு கணம் நினைத்துக் கொள்வோமாக!