லூயிஸ் புனுவெல்

லூயிஸ் புனுவெல் (பெப்ரவரி 22, 1900 – ஜூலை 29, 1983) ஸ்பெயினில் பிறந்த புகழ்பெற்ற திரைப்பட இயக்குனர் ஆவார். மதம், செல்வந்தர்களின் ஒழுக்கம், தருமச் செயல்கள் ஆகியவற்றை எள்ளி நகையாடிய இவரது படங்கள் தடைகளையும் உயரிய விருதுகளையும் ஒருங்கே பெற்றன.

இளமை

அரகோன் பகுதியிலுள்ள கலந்தா என்னும் ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். சரகோசா நகரில் இயேசு சபையினரின் பள்ளியில் பயின்றார். இளமையிலேயே இறைநம்பிக்கையைக் கைவிட்டபோதிலும், அங்கு அறிந்த சமயச் சடங்குகளும் குறியீடுகளும் இவரது படங்களில் தொடர்ந்து இடம்பெற்றன. மத்ரித் நகரில் படித்த காலத்தில் கவிஞர் லோர்க்கா, ஓவியர் டாலி ஆகியோருடன் நட்புக் கொண்டார். 1925 இல் பாரிசுக்குச் சென்றார்.

தொடக்ககாலப் படங்கள்

டாலியுடன் இணைந்து எழுதிய அந்தலூசிய நாய் (1929) என்னும் குறும்படத்தைத் தாயார் அளித்த பணத்தில் எடுத்தார். பார்வையாளர்கள் தாக்கக்கூடும் என அஞ்சி, சட்டைப்பையில் கற்களுடன் முதற் காட்சிக்குச் சென்றதாகத் தமது நினைவுநூலில் குறிப்பிட்டுள்ளார். ஆனால் படத்துக்குக் கைதட்டலே கிடைத்தது.

அடுத்த படமான பொற்காலம் (1930) திரையிடப்பட்டபோது தீவிர வலதுசாரி அமைப்பினர் அரங்கினுள் புகுந்து திரையின் மீது மை வீசினர். அதே மாதத்தில் படம் தடை செய்யப்பட்டது. ஸ்பெயினின் வறிய மலைக்கிராமங்களைக் காட்டிய ரொட்டியில்லா நிலம் (1933) படத்தையும் அந்நாட்டு அரசு தடை செய்தது. வறுமையை உணர்ச்சியற்ற குரலில் விவரித்ததும், ஓர் ஆட்டைச் சுட்டு வீழ்த்தி அது தானாக விழுந்ததுபோல் காட்டியதும் இப்படத்தின் மீதான விமர்சனங்களாகும்.

மெக்சிக்கோவில்

ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்காவில் பணியாற்றிய இவர், 1946 இல் மெக்சிக்கோவில் குடியேறி 1949 இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். தெருச் சிறுவர்களைப் பற்றிய மறக்கப்பட்டவர்கள் (1950) நாட்டை இழிவுபடுத்துவதாக அங்கு எதிர்ப்பு எழுந்தது. 1951 இல் கான் திரைப்பட விழாவில் இப்படத்துக்காகச் சிறந்த இயக்குனர் விருது பெற்றதும் நிலை மாறியது. மெக்சிக்கோவில் மீண்டும் திரையிடப்பட்டு வரவேற்பைப் பெற்றது.

விரிதியானா

பிராங்கோவின் ஆட்சிக்காலத்தில் ஸ்பெயினுக்குத் திரும்பி விரிதியானா (1961) படத்தை எடுத்தார். ஏழைகளுக்கு அடைக்கலம் அளிக்கும் இளம்பெண்ணின் கதை இது. பிச்சைக்காரர்களின் விருந்து, இயேசுவின் இறுதி இராவுணவு ஓவியத்தை ஒத்திருந்தது. நாயகி தனியே உறவினனின் அறைக்குள் செல்லும் முடிவைத் தணிக்கையாளர்கள் ஏற்கவில்லை. எனவே அவள் உறவினனுடனும் வேலைக்காரியுடனும் சீட்டாட அமர்வதாக மாற்றினார். இம்முடிவு முன்னதைவிட விரசமான பொருளைத் தந்தபோதிலும் அனுமதிக்கப்பட்டது.

கான் விழாவில் இப்படம் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்டது. வத்திக்கான் நாளிதழ் கண்டித்ததைத் தொடர்ந்து ஸ்பெயின் அரசு படத்தைத் தடை செய்ததுடன், விருதைப் பெற்றுக்கொண்ட திரைப்படத் துறை அதிகாரியையும் பதவி நீக்கியது. பிராங்கோ இறந்த பின்னர், 1977 இல் தான் அங்கு வெளியானது.

நகைச்சுவையும் மதிப்பீடும்

விந்தையான நிகழ்வுகளை அன்றாட நிகழ்வுகள்போல் அமைதியாகக் காட்டுவது இவரது முறையாகும். எங்கே சிரிக்க வேண்டும் என இவரது படங்கள் சுட்டுவதில்லை. இதனால் நசரின் (1959) படத்தைச் சிலர் சமயப் பற்றுள்ளதாகவும் வேறு சிலர் சமய மறுப்பாகவும் கருதினர். விருந்துண்ண அமர்ந்தும் உண்ண இயலாத செல்வந்தர்களைச் சித்தரித்த பூர்ஷ்வாக்களின் அடக்கமான கவர்ச்சி (1972) சிறந்த வெளிநாட்டுத் திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்றது.

1977 இல் தமது இறுதிப் படத்தை இயக்கிய புனுவெல், 1983 இல் மெக்சிக்கோ நகரில் காலமானார்.