பதக்கமும் நாணயமும்: மத்தேயு போல்ற்றன் வரலாறு

யூபிலி விழா எடுப்போர் மலர் வெளியிடுவதும் பதக்கம் வழங்குவதும் மரபு. மலரைச் செல்லரிக்கும், பதக்கத்தைச் செல் தீண்டாது. அதனாற் போலும், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டுத் தொழிற் கம்பெனிகள் தத்தம் ஐம்பதாம் ஆண்டு நிறைவிலும் நூற்றாண்டு நிறைவிலும் வெண்கலப் பதக்கங்களை அடித்துத் தம் ஊழியருக்கும் வாடிக்கையாளருக்கும் வழங்குவதைப் பெருவழக்காக்கிக் கொண்டன. ஒரு புறம் தாபகரின் முகம், மறுபுறம் ஆலையின் புகைபோக்கி அல்லது புகையிரத இயந்திரம். கீழே இரண்டு ஆண்டுகள். இவ்வளவே அவற்றின் இலக்கணம்.

ஒரு வணிகக் கம்பெனி தன் வெற்றியை உலோகத்திற் பொறித்துத் தன் ஏவலருக்குப் பல்லாயிரக் கணக்கிற் பங்கிடும் இச்செயல் அமெரிக்காவில் தோன்றியதன்று. அதற்கு நூறாண்டுக்கு மேலான முன்னோடி ஒன்று உண்டு. அது நம் பக்கத்து நிலத்தோடு தொடர்புடையது. திருகோணமலையோடும் சிறிது தொடர்புடையது. கிழக்கிந்தியக் கும்பெனி சீரங்கப்பட்டண வெற்றிக்கென அடிப்பித்த பதக்கமே அது. அதனை அடித்துக் கொடுத்தவர் மத்தேயு போல்ற்றன். நீராவி இயந்திர வரலாறு படிக்கும் மாணவர் இவர் பெயரை ஜேம்ஸ் வாட்டின் பங்காளி என்ற அளவில் அறிவர். பங்காளியாக மட்டும் ஒருவரை அறிவது அவரை அறியாமையோடு ஒக்கும்.

போல்ற்றன் 1728ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிற் பிறந்தார். தந்தையார் பொத்தான், கொளுவி முதலிய சிறு உலோகப் பொருள்கள் செய்விப்பவர். மகன் பதினைந்து வயதளவிற் பள்ளியை விட்டுப் பட்டறை புகுந்தார். பதினேழாம் வயதிலேயே கொளுவிகளிற் பற்சாயம் பதிக்கும் புதுமுறை ஒன்றைக் கண்டார் என்பர். 1749இல் செல்வக் குடும்பத்துப் பெண்ணாகிய மேரி ரொபின்சனை மணந்தார். பிறந்த பெண் குழந்தைகள் மூவரும் சிசுப் பருவத்திலேயே மாண்டனர். 1759இல் மனைவியாரும் மறைந்தார். அடுத்த ஆண்டு மனைவியின் தங்கை ஆனை மணந்துகொண்டார். நம்மவரிடையே இது புதுமையன்று. ஆங்கிலத் திருச்சபையோ இதனைத் தகாத மணம் என்று விலக்கியது. ஊரார் பேச்சை அவர் பொருட்படுத்தவில்லை. இருவர் வழியும் வந்த சீதனம் அவருடைய தொழிலுக்கு முதலாயிற்று என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

அம்முதலைக் கொண்டு 1760களில், நகருக்கு வடக்கே ஹான்ட்ஸ்வேர்த் என்னும் வெளியில், சோஹோ என்ற பெருந் தொழிற்சாலையை எழுப்பினார். அங்குமிங்கும் சிறு பட்டறைகளிற் கிடந்த வேலையெல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தது. பொருள் அழகாயிருந்தது, இலாபந்தான் வரவில்லை. வெள்ளிக் கலங்களும் பொன்மெருகிட்ட சாடிகளும் பிரபுக்களின் மாளிகைகளை அலங்கரித்தன. போல்ற்றனோ கடன்காரருக்குத் தவணை சொல்லிக்கொண்டிருந்தார். அக்காலத்துப் பேர்மிங்காமில் வெள்ளிப் பொருளின் மாற்றுச் சோதித்து முத்திரையிடும் நிலையம் கிடையாது. தொலைவிலுள்ள செஸ்ரர் நகருக்குப் பொருளை அனுப்பவேண்டும். அவர் பாராளுமன்றம் வரை சென்று வாதாடி 1773இல் தம் ஊருக்கே அந்நிலையத்தைப் பெற்றுக் கொடுத்தார். கடலைக் காணாத அவ்வூருக்கு வாய்த்த முத்திரைச் சின்னம் எது தெரியுமோ? நங்கூரம்! துறைமுகத்தார் ஆகிய நமக்கு இது நகை விளைப்பதே.

தொழிலாளரை அவர் நடத்திய முறையிலும் ஒன்று குறிப்பிடத்தக்கது. சோஹோவில் வேலைசெய்வோர் ஒவ்வொருவரும் தம் கூலியில் அறுபதில் ஒரு பங்கைப் பொது நிதியில் இடவேண்டும். நோயுற்றோருக்கும் காயமுற்றோருக்கும் அந்நிதியிலிருந்து கூலியின் ஐந்தில் நான்கு பங்கு வரை கிடைத்தது. மிகச் சிறு பிள்ளைகளை வேலைக்குச் சேர்ப்பதில்லை என்பதும் அவருடைய விதி. ஐந்து வயதுப் பாலரைச் சுரங்கத்தில் இறக்கிய காலம் அது என்பதை நினைவிற் கொண்டே இதனை மதிப்பிட வேண்டும்.

நண்பர் குழாம் சிறந்தது. இராசமஸ் டார்வின் என்னும் மருத்துவர், வெட்ச்வுட் என்னும் மட்கலத் தொழிலதிபர், பிறீஸ்ற்லி என்னும் இரசாயன அறிஞர் முதலியோர் பூரணைக்கு அண்மிய இரவுகளிற் கூடி அறிவியல் பேசினர். கூட்டம் கலைந்து வீடு திரும்ப நிலவு வேண்டுமே! அதனால் அவர்கள் கழகத்துக்குத் திங்கட் கழகம் என்றே பெயர் வழங்கிற்று. ஜேம்ஸ் வாட் அக்குழாத்தில் வந்து சேர்ந்தவர். 1775இல் போல்ற்றனின் பங்காளியானார். பாராளுமன்றம் வாட்டின் காப்புரிமையை 1800ஆம் ஆண்டு வரை நீட்டிக் கொடுத்தது. கோர்ண்வால் நாட்டுச் சுரங்கங்களில் நீரிறைக்க இவர்களின் இயந்திரங்கள் சென்றன. பழைய இயந்திரத்தோடு ஒப்பிட எவ்வளவு கரி மிச்சமோ அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு இவர்களுக்கு ஊதியம். இப்பகுதி பலரும் எழுதியது, யாம் விரிக்கவில்லை.

இனி நாணயத்துக்கு வருவோம். தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள். அக்காலத்து இங்கிலாந்தில் இவ்விரண்டும் பிரிந்து நின்றன. புழங்கிய செப்புக் காசுகளிற் பெரும்பகுதி கள்ளக் காசு. அவற்றுட் பெரும்பகுதி பேர்மிங்காமிலேயே அடிக்கப்பட்டது. கூலி வாங்கிய ஏழை, கடைக்குச் சென்றபோது அக்காசு செல்லாதென்று திரும்பினான். தம் ஊருக்கு வந்த இப்பழியைப் போல்ற்றன் பொறாதவராய், கள்ளர் பின்பற்றவியலாத காசை அடிப்பதே வழியென்று துணிந்தார். 1788இல் சோஹோவில் அக்கசாலை ஒன்றை நிறுவினார்.

அதன் செயல்முறையைச் சிறிது விளக்குதல் தகும். நம் நாட்டில் வெண்கலத் திருமேனிகள் வார்க்கப்படுபவை. மெழுகிலே உருவமைத்து, மண்பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்திலே உலோகத்தை ஊற்றுவர். 1950இல் திருகோணமலையிற் கிணறு தோண்டியபோது மண்ணுள்ளிருந்து வெளிப்பட்ட கோணேசர் கோயிற் சோமாஸ்கந்தர் முதலிய திருமேனிகள் இவ்வாறு வார்க்கப்பட்டவையே. ஒரு மெழுகுக்கு ஒரு திருமேனி. இரண்டாவது அதேபோல் அமைவதில்லை. பதக்கமோ அடிக்கப்படுவது. சிற்பி உருக்குத் துண்டிலே உருவத்தை இடவலம் மாறி, பள்ளமாகச் செதுக்குகிறான். அதனைக் காய்ச்சித் தோய்த்து வலுவேற்றி அச்சாக்குகின்றனர். இரண்டு அச்சுக்கிடையே உலோக வில்லையை வைத்துத் திருகு பொறியால் அழுத்தினால் இரு புறமும் உருவம் எழும். காசுக்கு ஓர் அடி போதும். உருவம் உயர்ந்தெழும் பதக்கத்துக்குப் பல அடி வேண்டும். அடிக்கு அடி உலோகம் இறுகுவதால், இடையிடையே சூடேற்றி இளக்கவும் வேண்டும். அத்திருகு பொறியை முன்னர் மனிதர் கையால் இழுத்துச் சுழற்றினர். போல்ற்றன் அவ்வேலையை நீராவியிடம் ஒப்படைத்தார். எட்டுப் பொறிகள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு எழுபது முதல் எண்பத்துநான்கு காசு வரை அடித்தது. காசு அனைத்தும் ஒரே வட்டம், ஒரே நிறை.

சொந்த அரசாங்கம் அவரை ஒன்பதாண்டு காக்க வைத்தது. 1797இற்றான் பென்னி அடிக்கும் உத்தரவு கிடைத்தது. ஒரு பென்னி ஓர் அவுன்சு. இரு பென்னி இரண்டு அவுன்சு. அகன்ற விளிம்போடு கனத்துக் கிடந்த அக்காசுக்கு மக்கள் வண்டிச் சில்லு என்று பெயரிட்டனர். காத்திருந்த ஆண்டுகளில் அவருக்குக் கை கொடுத்தது கிழக்கிந்தியக் கும்பெனி. சுமாத்திராவுக்கும் பின்னர்ச் சென்னை மாகாணத்துக்கும் சோஹோ செப்புக் காசுகள் கப்பலேறின. 1803ஆம் ஆண்டுச் சென்னைக் காசில் ஒரு புறம் கும்பெனியின் சிங்க விருது. மறுபுறம் பாரசீக எழுத்து. அதைக் கையிலேந்திய உழவனுக்கும் மீனவனுக்கும் இரண்டுமே விளங்கா. காசு என்ற தமிழ்ச் சொல் மட்டும் ஆங்கில உருவங்கொண்டு அதன்மேல் ஏறியிருந்தது! தமிழும் தெலுங்கும் பொறித்த கும்பெனிக் காசுகள் சென்னையிலேயே பின்னர் அடிக்கப்பட்டன.

அமெரிக்காவும் சோஹோவை நாடியது. பிலடெல்பியா நாணயச்சாலை தன் செப்புக் காசுகளுக்கு வேண்டிய வெற்று வில்லைகளைப் போல்ற்றனிடம் வாங்கிற்று. செவ்விந்தியத் தலைவர்களுக்கு வழங்கவென்று 1796ஆம் ஆண்டு பொறித்த மூவகைப் பதக்கங்களும் சோஹோவிலேயே அடிக்கப்பட்டன. ஒன்றில் விதைப்பு, ஒன்றிற் கால்நடை, ஒன்றில் வீட்டு நூற்பும் நெசவும். அமெரிக்கக் கம்பெனிகள் பின்னாளிற் பதக்கத்திற் பொறித்த தொழிற் காட்சிகளுக்கு இவற்றை மூத்தோர் எனலாம். அத்தொழில்களைக் கைக்கொள்ளுமாறு தலைவர்களுக்குப் பதக்கம் அளித்த அதே அரசு, அவர்தம் நிலத்தை எடுத்துக்கொண்டது என்பதையும் மாணவர் அறிக.

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்தில் மாண்டார். கும்பெனி தன் படையினர்க்குப் பதக்கம் வழங்கத் தீர்மானித்துச் சோஹோவுக்கு எழுதிற்று. கூக்லர் என்னும் செருமானியச் சிற்பி அச்சு வெட்டினார். ஒரு புறம், பிரித்தானியச் சிங்கம் திப்புவின் சின்னமாகிய புலியைக் கீழ்ப்படுத்தி நிற்கிறது. மறுபுறம், கோட்டைச் சுவரின் உடைப்பில் படை ஏறுகிறது. வேலைப்பாடு உயர்ந்ததென்பதில் ஐயமில்லை. எனினும் பங்கீட்டைப் பாருங்கள். தளபதிகளுக்குப் பொன், அடுத்தவருக்குப் பொன்முலாமிட்ட வெள்ளி, கப்பித்தான்மார் முதலியோருக்கு வெள்ளி, கீழ்நிலை ஏவலாளருக்கு வெண்கலம், சாதாரண வீரருக்கு வெள்ளீயம். வெண்கலம் என்பதும் பெயரளவிலேதான். உள்ளிருப்பது செம்பு, மேலே பழுப்பு மெருகு. சென்னைப் படையிலே தமிழ்ச் சிப்பாய்கள் பலர் இருந்தனர். அவர்களுக்கு வாய்த்தது மெதுவான, எளிதில் தேயும், நகத்துக்கு இணங்கும் வெள்ளீயம். அதுவும் 1808ஆம் ஆண்டளவிலேயே கைக்கு வந்தது. கோட்டை உடைப்பில் முதலில் விழுந்த உடலுக்கு உலோகம் இத்தனை தரமாகப் பிரிந்திருக்கவில்லை. பங்கீடு கும்பெனியின் கட்டளை, போல்ற்றன் கைத்தொழிலாளர் மட்டுமே என்று அவர் பொருட்டு வாதிடலாம். அவ்வாதம் எமக்கு முழுதும் உடன்பாடன்று. தாமே செலவேற்று 1805ஆம் ஆண்டுத் திரபல்கார் கடற்போர் வீரருக்கு அவர் அடித்தளித்த பதக்கத்திலும் தலைவருக்குப் பொன்னும் வெள்ளியும், மாலுமிக்கு வெண்ணிற ஈயமும் என்ற முறையே நின்றது. மாலுமிகள் சிலர் அதனை வெறுத்துக் கடலில் எறிந்தனர் என்று சொல்வதுண்டு. எறிந்தவர்மேல் எமக்குக் குறையில்லை. ஆயினும், கடைநிலை மாலுமிக்கும் ஒரு பதக்கம் உரித்து என்று அரசாங்கம் நினையாத காலத்தில் ஒரு தனி மனிதர் நினைத்தார் என்பதும் உண்மையே.

சீரங்கப்பட்டணப் போரில் நின்ற ஆதர் வெல்லஸ்லி 1800ஆம் ஆண்டு இறுதியில் திருகோணமலைக்கு வந்தார். இங்கு திரண்ட படைக்குத் தலைமை தாங்க வந்தவர், சில மாதத்திற் பம்பாய் சென்று, அங்கு நோயுற்றுத் தங்கினார். அவர் ஏறவிருந்த கப்பல் கடலிற் கெட்டதென்பர். அவர் பெயரால் வழங்கும் வீடு பிரெட்றிக் கோட்டையுள், கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அவ்வழியே ஏறிச் செல்வோர், சீரங்கப்பட்டணத்து வெள்ளீயப் பதக்கத்தையும் அங்கு நினைக்கலாம்.

முதுமையில் போல்ற்றனுக்குச் சிறுநீரகக் கல் நோய் கடுமையாய் வருத்திற்று. ஆயினும் வேலை ஓயவில்லை. இலண்டனிற் புதிதாய் எழுந்த அரச நாணயச்சாலைக்கு அவருடைய பொறிகளே சென்றன. அவை 1880கள் வரை ஓடின. மகன் காலத்திற் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சோஹோப் பொறிகள் வந்து சேர்ந்தன. இங்கிலாந்து வங்கி 2011 முதல் 2022 வரை வழங்கிய ஐம்பது பவுண் தாளில் போல்ற்றனும் வாட்டும் இருவராய்க் காணப்பட்டனர். நாணயம் அடித்தவரைத் தாளில் அச்சிட்டது காலத்தின் விளையாட்டுப் போலும்.

1809ஆம் ஆண்டு தொடக்கத்தில், சென்னைக்கென அடித்த சோஹோக் காசுகளைத் தொன் கணக்கில் ஏற்றிய அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல், இங்கிலாந்தின் கரை கடக்குமுன்னே குட்வின் மணற்றிடரில் மோதி அழிந்தது. 1980களிற் சுழியோடிகள் அக்காசுகளை மேலே கொணர்ந்தபோது, அவற்றிற் பல புதுக் காசாகவே இருந்தன. கப்பல் அழிந்த அதே ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் போல்ற்றன் சோஹோ இல்லத்தில் மறைந்தார். ஒரு கிழமை கழித்து ஹான்ட்ஸ்வேர்த் கோயிலில் அடக்கஞ் செய்தனர். இறுதிச் சடங்குக்கு வந்தோருக்கென்று ஒரு சிறு நினைவுப் பதக்கம் அடிக்கப்பட்டது. அதிலே அவர் இறந்த நாளும் அடக்கஞ் செய்த நாளும் பொறிக்கப்பெற்றன. உலோகம் செம்பு.